வக்கீல் வேண்டாம் என்றேன்

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற பாதையில் ஒரு பழக்கடை. கடை என்றால் நான்கு மூங்கில், மேலே தென்னங்கிடுகு, அவ்வளவுதான். சீசன் முடிந்தால் அந்த இடத்தில் கடை இருந்ததற்கான அடையாளமே இருக்காது. அந்த வருஷம் கடைக்காரர் கூட்டம் சேர்ப்பதற்காக ஒரு கிராமபோன் பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தார். பழங்கள் சாரலில் நனைந்துகொண்டிருந்தன. பெட்டிக்கு மட்டும் தனியாக ஒரு தார்ப்பாய் கட்டியிருந்தது.

நாங்கள் மூன்று பேர் குளித்துவிட்டு வந்துகொண்டிருந்தோம். முன்னால் என் அண்ணன், தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். அவருக்குப் பின்னால் அவர் மனைவி, என் மதினி கோமதியம்மாள், ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு. கடைசியில் ஈரத்துணி மூட்டையோடு நான். எண்ணெயும் சீயக்காயும் கலந்த வாசனை எங்கள் மூவரோடும் நடந்து வந்தது.

பெட்டி பாடத் தொடங்கியது. ஒரு பெண் குரல், மேடையில் பாடிப் பழகிய குரல்.

“சாரல் வருது தோழி – மலைச்
சந்தனம் கரைச்சுத் தெளிக்குது தோழி
ஈரச் சேலை பிழியும் முன்னே – அது
இன்னொரு சேலை நனைக்குது தோழி”

மதினி நின்றுவிட்டார். பின்னால் வந்த நான் அவர் மேல் மோதப் பார்த்தேன்.

“ஏங்க, நில்லுங்க. இது என் பாட்டுல்லா!”

அண்ணன் திரும்பிப் பார்த்தார். “என்னட்டி சொல்லுத? பெட்டிக்குள்ள எவளோ பாடுதா.”

“பாடுதது எவளோ. பாட்டு என்னுது.”

அடுத்த அடி வந்தது. மதினியின் பாட்டில் அது ‘கீழப்பாவூர்க் குளத்து நாரையெல்லாம்’ என்று தொடங்கும். கீழப்பாவூர் அவர் பிறந்த ஊர். பெட்டியில் இருந்த பெண் ‘மயிலாப்பூர்க் குளத்து நாரையெல்லாம்’ என்று பாடினாள்.

மதினிக்குக் கோபத்தை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. “மயிலாப்பூருல ஏது கொழுந்தனாரே சாரலு? திருடுனவன் நாலு எழுத்து படிச்சவனாக்கூட இல்லியே!”

கடைக்காரர் எங்களைப் பார்த்துக் கேட்டார்: “ஆச்சி, பழம் வாங்குதியளா, இல்ல பாட்டு மட்டும் போதுமா?”

நான் குனிந்து இசைத்தட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தேன். சென்னையில் இருந்த ஒரு பெரிய கம்பெனியின் பெயர். பாடிய நடிகையின் பெயர். அதற்குக் கீழே, பாட்டை இயற்றியவர் என்று கம்பெனிக்குப் பாட்டு எழுதித் தருகிற வாத்தியார் ஒருவருடைய பெயர். கம்பெனி இப்போது இல்லை. வாத்தியாரின் பிள்ளைகள் இருக்கக்கூடும். பெயர்கள் வேண்டாம்.

“என் பேர் இருக்கா?” என்று மதினி கேட்டார்.

“இல்ல மதினி.”

“வக்கீலப் பாக்கணும்” என்றார். அந்த ஈரத்தோடேயே, பழக்கடை வாசலில் வைத்தே, அதைச் சொன்னார். அன்று அவர் சொன்னபடி நடந்திருந்தால் இந்த வாரம் நான் எழுதுவதற்கு எதுவும் இருந்திருக்காது.

அரிசி களையும் சட்டி

மதினி பாட்டுக் கட்டுகிற விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கும். ஆனால் எழுதிக்கொண்டு பாடமாட்டார். காலையில் அரிசி களையும்போதுதான் பாட்டு வரும். சட்டியின் விளிம்பில் வலது கையால் ஒரு தட்டு, இடது கையால் ஒரு தட்டு. கும்மி என்றால் கை கொட்டு சரியான இடத்தில் விழ வேண்டும். விழாவிட்டால் அந்த அடியைக் களைந்த தண்ணீரோடு கொட்டிவிடுவார்.

“நல்லாத்தான இருந்துது மதினி?” என்று சில நாள் கேட்டிருக்கிறேன்.

“கேக்க நல்லாருக்கும். கொட்டுத கைக்கு நல்லாருக்கணுமே.”

தேறிய அடிகளை அண்ணன் கடைப் பில் காகிதத்தின் பின்பக்கம் எழுதி, மாவுப் பானைக்கு மேல் செருகி வைப்பார். இரண்டு வருஷத்தில் ஒரு கட்டுச் சேர்ந்துவிட்டது. கோயில் கொடைத் திருவிழாவுக்கும் வளைகாப்புக்கும் அவர் பாட்டைத்தான் தென்காசித் தெருக்களில் பெண்கள் கொட்டிப் பாடினார்கள்.

அதைப் புத்தகமாகப் போடலாம் என்று சொன்னவன் நான். ‘சாரல் கும்மி’ என்று பெயர் வைத்தவனும் நான். ஊரில் இருந்த சிறிய அச்சகத்தில் மெலிந்த ஒரு புத்தகமாக அடித்துத் தந்தார்கள். அட்டை ரோஸ் நிறம். மதினி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, “மண்ணெண்ண மாதிரில்லா அடிக்கு” என்றார். ஆனால் அன்று முழுவதும் அதை இடுப்பை விட்டு எடுக்கவில்லை.

நான் எழுதிய முன்னுரை

அந்தப் புத்தகத்துக்கு முன்னுரையும் நான்தான் எழுதினேன், மதினி பெயரில். அந்தக் காலத்தில் புத்தகம் போடுகிறவர்கள் முதல் பக்கத்தில் தங்களைத் தாழ்த்திக்கொண்டு எழுதுவது வழக்கம். அவையடக்கம் என்று அதற்குப் பெயர். எவ்வளவு பெரிய புலவராக இருந்தாலும் ‘அடியேன் அறிவிலி’ என்றுதான் ஆரம்பிப்பார். அப்படி எழுதாதவனை அகம்பாவி என்பார்கள். பெண் எழுதினால் இரண்டு மடங்கு தாழ வேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி செய்துகொண்டேன்.

இப்படி எழுதினேன்: ‘இதிலுள்ள பாடல்கள் சிறுமதியேன் இயற்றியவை அல்ல. பெரியோர் வாய்வழி வந்தவற்றையும், திருக்குற்றாலத்து அம்மை அருளிச் சொன்னவற்றையும் ஏடெழுதும் பேதை போல் எழுதியதன்றி அடியாள் செய்தது ஒன்றுமில்லை.’

மதினி படித்தார். புருவத்தைச் சுருக்கினார்.

“என்ன கொழுந்தனாரே, நான் பண்ணல நான் பண்ணலன்னு எழுதியிருக்கீரு? நான்தான பண்ணுனேன்?”

“அதான் மதினி முறை.”

“எந்தப் பெரியோர் வாயில வந்துது? எங்க அம்மைக்குத் தாலாட்டே தெரியாது.”

“எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க. படிக்கிறவங்களுக்குத் தெரியும்.”

“படிக்கிறவனுக்குத் தெரியும்னா எதுக்கு எழுதணும்?”

 படித்தவன் சொல்கிறான் என்று அவர் விட்டுவிட்டார். கீழே கோமதியம்மாள் என்று கையெழுத்துப் போட்டார். அச்சில் அந்தப் பெயர் அழகாகத்தான் வந்தது.

மலைக்காய்ச்சல்

படித்தவன் என்றேன். எவ்வளவு படித்தவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் பி.ஏ. முடித்து, சட்டம் படிக்கத் திருவனந்தபுரம் போனேன். செங்கோட்டை வழியாக ரயில் மலையைக் குடைந்து போகும்போது ஜன்னலில் தலையை நீட்டி, கறுப்புக் கோட்டோடு திரும்பி வருகிற நாளை நினைத்துக்கொண்டேன். ஒரு வருஷம் படித்தேன். பரீட்சையில் தோற்றேன். மறுபடி எழுதினேன். மறுபடியும் தோற்றேன்.

ஊருக்கு வந்து, மலைக்காய்ச்சல் வந்து படிப்பு நின்றுபோனது என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். அண்ணன் குலசாமிக்கு நேர்ந்துகொண்டார். மதினி மூன்று மாதம் கஷாயம் வைத்துக் கொடுத்தார். காய்ச்சல் இல்லாத உடம்பில் அந்தக் கஷாயத்தைக் குடித்தேன். அந்தக் கசப்பு இப்போதும் நாக்கில் வருகிறது.

பிறகு தென்காசியிலேயே ஹைஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியாராகச் சேர்ந்தேன். ஆனாலும் ஊருக்கு நான் பாதி வக்கீல். பத்திரம் படித்துக் காட்ட, நோட்டீஸுக்கு அர்த்தம் சொல்ல என்னிடம் வருவார்கள். மதினிக்குக் கேலி செய்கிற உரிமை இருந்தது. ‘எங்க வீட்டு வக்கீலு’ என்பார். கேலிதான் என்றாலும் எனக்கு அது இனிக்கும்.

ஆகவே, மதினி பழக்கடை வாசலில் ‘வக்கீலைப் பார்க்கணும்’ என்றபோது என் மனதில் சுருக்கென்று ஏதோ குத்தியது. வீட்டில் ஒருவன் இருக்கும்போது வெளியில் எதற்கு?

வக்கீல் சொன்னது

வீட்டில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. அண்ணனுக்குக் கோர்ட் என்றாலே ஆகாது.

“பொம்பள கோர்ட்டுக்குப் போனான்னு கடைக்கு வாரவன்லாம் கேப்பான். சவம், ஒரு பாட்டுதான? வேற ஒண்ணு பாடேன்.”

“ஒங்க கடையில ஒரு பட்டுச் சேலைய ஒருத்தன் எடுத்துக்கிட்டு ஓடுனா, வேற ஒண்ணு நெய்ஞ்சுக்கலாம்னு விடுவியளா?”

“அது துணில்லாட்டி.”

“இதும் நான் நெய்ஞ்சதுதான்.”

 மதினி ஜெயித்தார்.

பாளையங்கோட்டையிலிருந்து தேவசகாயம் என்ற வக்கீல் ஒவ்வொரு சீசனுக்கும் குற்றாலத்தில் வீடு எடுத்துத் தங்குவார். தலை நரைத்தவர். நடை மெதுவாக இருக்கும், பேச்சு அதைவிட மெதுவாக. அண்ணன் கடையில் துணி எடுப்பவர். அந்தப் பழக்கத்தில் அண்ணன் மதினியையும் என்னையும் அவரிடம் அனுப்பினார்.

மதினி நடந்ததைச் சொன்னார். வக்கீல் முழுவதையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் கேட்டார்: “பாட்டு மொதல்ல அச்சுல வந்துது ஒங்க புஸ்தகத்துலதான?”

“ஆமாய்யா. பிளேட்டு வாரதுக்கு ரெண்டு வருசம் முன்ன.”

“அப்ப நல்ல கேஸு. ஆனா ஒண்ணு. நான் அந்தப் புஸ்தகத்த அட்டையிலேருந்து அட்டை வரைக்கும் படிக்கணும். அதுக்கு முன்ன கம்பெனிக்கு ஒரு வரிகூட எழுதிரக்கூடாது. நாளைக்கிக் கொண்டாங்க.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீங்க திருவனந்தபுரத்துல படிச்சவங்கதான? எங்க அக்கா மகன் ஒங்க கூடத்தான் இருந்தான். சொல்லியிருக்கான்.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அக்கா மகன் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். மதினி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். 

அந்த வீட்டுப் படி இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். இந்த மனிதர் நம் வழக்கில் இருந்தால் என் மலைக்காய்ச்சல் ஒருநாள் வெளியே வந்துவிடும்.

வழியில் மதினியிடம் சொன்னேன்: “இவரு ரொம்ப மெதுவான ஆளு மதினி. இழுத்தடிச்சிருவாரு. இதுக்கு வக்கீலே வேண்டாம். நல்ல இங்கிலீஷ்ல ஒரு கடிதாசி போட்டாப் போதும். கம்பெனிக்காரன் நடுங்கிருவான்.”

“எழுதக் கூடாதுன்னாரே?”

“எழுதிட்டா அவருக்கு வேலை இல்லாமப் போயிரும்லா.”

 “ஒமக்குத் தெரியாததா? எழுதும்” என்றார் மதினி.

ஒரு நல்ல மனிதரைப் பற்றிக் கூசாமல் அப்படிச் சொன்னேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: பொய் சொல்கிறோம் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. நம்பிக்கையோடுதான் சொன்னேன். எனக்கு அந்த வயதில் குறைவே இல்லாமல் இருந்தது நம்பிக்கை ஒன்றுதான்.

என் இங்கிலீஷ்

மறுநாள் பள்ளிக்கூடத்தில், பையன்கள் டிராயிங் வகுப்பில் இருந்த நேரத்தில், கடிதத்தை எழுதினேன். மூன்று பக்கம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு அரைப்புள்ளி. தலைமையாசிரியரிடம் காட்டினேன். “லார்டு எழுதினது போல இருக்குவே” என்றார்.

மரியாதையோடு தொடங்கி, பிறகு அடிக்க வேண்டும் என்பது என் திட்டம். ஆகவே முதல் பத்தியில், ‘புகழ்பெற்ற தங்கள் கம்பெனியார் எங்கள் வீட்டு எளிய பாடலை ஏற்று இசைத்தட்டில் பதித்தமைக்கு நாங்கள் பெருமைப்படுகிறோம்’ என்று எழுதினேன். ஊரில் யாரிடமும் சண்டைக்குப் போனால்கூட முதலில் சௌக்கியம் கேட்டுவிட்டுத்தானே ஆரம்பிப்போம்? அடி எல்லாம் மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

சாட்சியாக ‘சாரல் கும்மி’ புத்தகம் ஒன்றையும் கூடவே வைத்து, ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். மதினி தபாலாபீஸ் வரைக்கும் வந்தார். முத்திரை குத்துகிற சத்தம் கேட்டதும், “கை கொட்டு சரியா விழுந்துட்டு” என்று சிரித்தார்.

கம்பெனியின் பதில்

ஒன்றரை மாதம் கழித்து, பள்ளிக்கூட முகவரிக்குப் பதில் வந்தது. கம்பெனி எழுதவில்லை, கம்பெனியின் வக்கீல்கள் எழுதியிருந்தார்கள். அரைப் பக்கம். அரைப்புள்ளி ஒன்றுகூட இல்லை.

புத்தகத்தை அனுப்பியதற்கு நன்றி. அதன் முதல் பக்கத்தில் இந்தப் பாடல்கள் தாம் இயற்றியவை அல்ல என்றும், பெரியோர் வாய்வழி வந்தவை என்றும் ஸ்ரீமதி கோமதியம்மாள் கையெழுத்திட்டுச் சொல்லியிருக்கிறார். வாய்வழி வந்த பழம்பாடலுக்கு உரிமை கொண்டாட யாராலும் முடியாது. மேலும், பாடலைக் கம்பெனி பதித்ததில் பெருமைப்படுவதாகத் தங்கள் கடிதமே கூறுகிறது. ஆகவே இந்த விஷயம் இத்துடன் முடிந்ததாகக் கருதுகிறோம்.

வகுப்பறை வாசலில் நின்று படித்தேன். உள்ளே ஒரு பையன் பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தான். ‘நான்தான பண்ணுனேன்?’ என்று மதினி கேட்ட குரல்தான் எனக்குக் கேட்டது.

ஊர் வழக்கத்தை அவர்கள் அறியாதவர்கள் என்று சொல்லமாட்டேன். நன்றாக அறிந்தவர்கள்தான். கம்பெனி வாத்தியாரே புத்தகம் போட்டால் முதல் பக்கத்தில் தன்னை நாயேன் என்றுதான் எழுதுவார். ஆனால் நாம் பணிவுக்காகச் சொன்னதை வாக்குமூலமாகப் படிக்க முடியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. இரண்டு முறை தோற்றது வீண் போகவில்லை.

இரண்டாம் முறை

மதினியிடம் காட்டாமல் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினேன். வக்கீல் தேவசகாயம் என்னைத் திட்டவில்லை. பதிலைப் படித்தார். புத்தகத்தைப் படித்தார், அட்டையிலிருந்து அட்டை வரைக்கும். கண்ணாடியைக் கழற்றினார்.

“எழுதக் கூடாதுன்னு சொன்னதக் கேட்டிருக்கலாம். சரி போட்டும். கேஸ் போயிரல தம்பி.”

எனக்கு மூச்சு வந்தது.

“அவையடக்கம் எல்லாரும் எழுதுதது. நூறு புஸ்தகத்த நான் மேஜை மேல அடுக்கிக் காட்டுவேன். அப்புறம் பாருங்க, பழைய பாட்டுன்னு சொல்லுதாங்களே, அப்ப பிளேட்டுல அவங்க வாத்தியார் பேரு எப்படி வந்துது? அவரு எந்தக் காலத்துப் பெரியோரு?” சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். “இந்த முன்னுரைய எழுதுனது யாரு? அந்த அம்மா நடையா இல்லியே.”

“நான்தான்.”

“அந்த அம்மா ஒத்துக்கிட்டாங்களா?”

“வேண்டாம்னுதான் சொன்னாங்க. முறைன்னு நான்தான் சொல்லி…”

“போதும். இது போதும்.” மேஜையைத் தட்டினார். “நீங்க கூண்டுல ஏறி இதச் சொல்லுங்க. நான் எழுதுனேன், அவங்க மறுத்தாங்க, பாட்டு அவங்க அரிசி களையும்போது கட்டுனது, நான் கூட இருந்து கேட்டேன்னு. ஒங்களத் தவிர வேற சாட்சியே வேண்டாம்.”

பிறகு குரலைத் தணித்தார். “எதிர்த்தரப்பு குறுக்குக் கேள்வி கேக்கும். நீங்க என்ன படிச்சீங்க, ஏன் விட்டீங்கன்னு கேப்பான். உள்ளதச் சொல்லிருங்க. ஃபெயிலாப் போறது குத்தமில்ல தம்பி.”

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துதான் இவ்வளவு மரியாதையாகப் பேசினார். வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். அதற்குப் பிறகு நான் போகவில்லை.

வீடு வந்தபோது மதினி முற்றத்தில் வத்தல் அள்ளிக்கொண்டிருந்தார். பதில் வந்ததையும் வக்கீலைப் பார்த்ததையும் சொன்னேன்.

“வக்கீலு என்ன சொல்லுதாரு?”

பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்த பதில் அது. “சட்டத்துல எடமில்லையாம் மதினி. முன்னுரையில கையெழுத்துப் போட்டாச்சுல்லா, இனிமே அது ஒங்க பாட்டுன்னு எந்தக் கோர்ட்டும் ஒத்துக்கிடாதாம்.”

“என் பாட்டு என்னுது இல்லைன்னு சட்டமே சொல்லுதா?”

“ஆமா.”

கடைக்கும் கோர்ட்டுக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லாமல், நான் என் வாயால் செய்த குற்றம் அந்த ‘ஆமா’தான். கம்பெனி அவர் பாட்டைத்தான் எடுத்தது. அது அவருடையது என்கிற நிச்சயத்தை எடுத்தவன் நான்.

மதினி கையிலிருந்த வத்தலைச் சுளகில் போட்டார். “வக்கீலே சொல்லிட்டாருன்னா சரி” என்றார்.

பஸ் நிற்கும் இடம்

அதற்குப் பிறகு அரிசி களைகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. மாவுப் பானைக்கு மேல் புதிய காகிதம் எதுவும் செருகப்படவில்லை. வேலை அதிகம் என்று அண்ணனிடம் சொல்வார். பண்பொழி மலைக்கோயிலுக்குப் போனபோது பெண்கள் புதுப் பாட்டு கேட்டதற்கு, “தீந்து போச்சுட்டி” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

மூன்று சீசன் போயிற்று. நான்காவது சீசனில், குற்றாலத்தில் பேரருவிக்குப் போகும் வழியில், வக்கீல் தேவசகாயம் மதினியைப் பார்த்துவிட்டார். நானும் அண்ணனும் அப்போது அருவிக்கு அடியில் இருந்தோம்.

நாங்கள் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது மதினி பஸ் நிற்கும் இடத்தில் தனியாக நின்றார். அண்ணன் பழம் வாங்கப் போனார். சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது.

“வக்கீலய்யாவப் பாத்தேன்” என்றார் மதினி. “ஜெயிக்கிற கேஸ ஏம்மா விட்டீங்கன்னு கேக்காரு.”

நான் கையிலிருந்த ஈரத்துண்டைப் பிழிந்தேன்.

“இனிமேப் போட முடியாதாம். சட்டத்துல கெடு இருக்காம். அது தாண்டிட்டாம்.” என் பக்கம் திரும்பினார். “ஒமக்கு மலைக்காய்ச்சல் வரலன்னு எனக்கு அப்பமே தெரியும். மூணு மாசம் கஷாயம் வச்சவளுக்கு ஒடம்பு சுடுதா சுடலியான்னு தெரியாதா?”

“மதினி…”

“‘கூண்டுல ஏற எனக்கு வெக்கமா இருக்கு மதினி, விட்டுருங்க’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா விட்டிருப்பேன். ஒரு பாட்டுதான? ஒம்மள விடவா பெருசு? தந்திருப்பேன். ஆனா சட்டமே என்னுது இல்லைங்குன்னு சொன்னீரே. அன்னையிலேருந்து சட்டியத் தொட்டா, இது யார் சொல்லி வருதுன்னு ஒரு சந்தேகம். ஒரு அடி வரமாட்டேங்கு.”

பஸ் வந்தது. அண்ணன் பழத்தோடு ஓடி வந்தார். வீடு வரைக்கும் மதினி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். மறுநாள் நான் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் துணி மடித்துக்கொண்டிருந்துவிட்டு, “ஏலே, இத என்கிட்ட எதுக்குச் சொல்லுத?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

கீழப்பாவூர் வயலில்

அடுத்த நடவு சமயத்தில் மதினி பிறந்த வீட்டுக்குப் போயிருந்தார். அழைத்து வர நான் போனேன். வரப்பில் நடந்துகொண்டிருந்தபோது, நடவு நட்ட பெண்கள் என்னைப் பார்த்ததும் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள். மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

“கோட்டு மாட்டிக் குடைபிடிச்சு – எங்க
கொழுந்தன் போறாரு கோர்ட்டுக்கு
கூண்டக் கண்டு காலு பின்னிக்
கும்பிடு போட்டாரு வீட்டுக்கு

பொய்யச் சொன்ன வாய்க்குப் போட
வெத்தல மடிச்சு வச்சிருக்கேன்
மெய்யச் சொல்லும் நாளு வந்தா
மேளம் வச்சுக் கூட்டி வாங்க”

வரப்பிலேயே நின்று முழுவதையும் கேட்டேன். எல்லாக் கையும் சேற்றில் இருந்தது. ஆனாலும் கொட்டு எந்த இடத்தில் விழும் என்று எனக்குத் தெரிந்தது. சரியான இடத்தில்தான் விழுந்தது. மதினிக்குப் பாட்டு திரும்ப வந்துவிட்டது. அவமானமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தால் முகத்தை என்ன செய்வதென்று தெரியாது. நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பெண்கள் இன்னும் சத்தமாகப் பாடினார்கள்.

வீட்டுக்குள் போனேன். மதினி என்னைப் பார்த்து, “வழியில ஏதும் கேட்டீரா?” என்றார்.

“கேட்டேன் மதினி.”

“எப்படி இருக்கு?”

“மயிலாப்பூர்க்காரன் எடுத்துக்கிட்டுப் போக முடியாது.”

“போகட்டுமே பாப்போம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் பாட்டுக் கட்டினார். எதையும் அச்சில் போட விடவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது வானொலியில் ‘சாரல் வருது தோழி’ பாட்டு எப்போதாவது வருகிறது. ‘கிராமியப் பாடல்’ என்கிறார்கள். இயற்றியவர் பெயர் சொல்வதில்லை. மதினி காலமாகிப் பல வருஷம் ஆகிறது. வக்கீலும் அண்ணனும் இல்லை. உள்ளதைச் சொல்ல மிச்சமிருப்பவன் நான் ஒருவன்.

மேலே கொடுத்திருக்கிற இரண்டு பாட்டையும் இயற்றியவர் கீழப்பாவூரில் பிறந்து தென்காசியில் வாழ்ந்த கோமதியம்மாள். பெரியோர் யார் வாயிலிருந்தும் அவை வரவில்லை. முதல் பாட்டை அவர் அரிசிச் சட்டியில் தட்டிக் கட்டியபோது நான் மூன்று அடி தூரத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பாட்டில் வருகிற கொழுந்தன் நான்தான். பரீட்சையில் இரண்டு முறை தோற்றவன். எனக்கு மலைக்காய்ச்சல் வந்ததே இல்லை.

குறுக்குக் கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் பத்திரிகை முகவரிக்கு எழுதலாம்.